அம்மா தட்டிப் பார்த்த தரைகள்

அம்மாவுக்கு 69 வயது. மாயவரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் 35 வருஷம் பரதநாட்டியம் சொல்லிக்கொடுத்தவள். கூடம் என்றால் சிவப்பு ஆக்ஸைடு போட்ட சிமென்ட் தரை. அதில் தட்டித் தட்டியே இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. வலது முட்டிக்கு ஜூன் மாதம் ஆபரேஷன் என்று நாள் குறித்தாயிற்று. அதற்கு முன்னால் எங்கேயாவது கூட்டிக்கொண்டு போகலாம் என்று நான் காசி, ஹரித்துவார் என்று அடுக்கினேன். அவள், "ஜப்பான்ல ஆம்பளைங்க பொம்பளை வேஷம் கட்டி ஆடுவாங்களாமே, அதைக் காட்டு" என்றாள். எனக்கு டோக்கியோவில் நாலு நாள் ஆபீஸ் வேலை இருந்தது. அது முடிந்த மறுநாள் புளிக்காய்ச்சல் பாட்டிலும் வீல்சேருமாக வந்து இறங்கினாள்.

விமானம், விசா கதை எதுவும் இங்கே கிடையாது. ஒழுங்காக நடந்ததைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?

ஏப்ரல் 6, டோக்கியோ

காலையில் 11 டிகிரி. புடவைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் என் ஜாக்கெட், தலையைச் சுற்றி மஃப்ளர் என்று மார்கழி பஜனைக்குக் கிளம்பியவள் மாதிரி கின்ஸாவில் நடந்தாள். விலையைப் பார்க்கவே பயமாக இருக்கும் கடைகளுக்கு நடுவில், கபுகி என்கிற பழைய ஜப்பானிய நாட்டிய நாடகம் நடக்கும் கபுகிஸா அரங்கம். முன்பக்கம் வளைந்த ஓட்டுக் கூரை, முதுகுக்குப் பின்னால் 29 மாடிக் கட்டடம். இப்போது இருப்பது ஐந்தாவது கட்டடம், 2013-ல் திறந்தது.

நல்ல இடத்தில் உட்கார்ந்து முழு நிகழ்ச்சி பார்க்க 15,000 யென்னுக்கு மேல் ஆகும். நாலு மணி நேரம் அம்மாவின் முட்டியும் தாங்காது. ஆனால் நாலாவது மாடியில் ஒரே ஒரு காட்சிக்கு மட்டும் சீட்டு தருகிறார்கள், ஆயிரத்துச் சொச்சம் யென். லிஃப்ட் உண்டு. நாங்கள் எடுத்தது ‘ஃபுஜி முசுமே’ என்ற நடனம். இந்த ஃபுஜி மலையல்ல, விஸ்டீரியா என்கிற கொடிப்பூ. அந்தப் பூவின் ஆவி பெண்ணாக வந்து ஆடுகிறது.

முதலில் அரங்கம் முழுக்க இருட்டாயிற்று. இருட்டுக்குள் ஷமிசென் நரம்பொலியும் பாட்டும் மட்டும் வந்தன. "கரண்டு போயிடுச்சா?" என்று அம்மா என் கையைப் பிடித்தாள். மரக்கட்டை ‘டக்’ என்று ஒரு தட்டுத் தட்டியது. அத்தனை விளக்கும் ஒரே சமயத்தில் எரிந்தன. மேடை அகலத்துக்கும் ஊதாப் பூச்சரங்கள், நடுவில் பருத்த பைன் மரம், கறுப்புத் தொப்பியும் தோளில் பூங்கொத்துமாக ஒரு பெண். அரங்கமே ‘ஆ’ என்றது. எனக்கு அடுத்தபடியாகத்தான் நினைவு வந்தது, அது பெண் இல்லை.

"தோள்பட்டையைப் பாருடா" என்றாள் அம்மா. "பின்னாடி ரெண்டு எலும்பையும் சேத்து இழுத்துக் கீழே இறக்கி வச்சிருக்காரு. அதான் ஒடம்பு சின்னதாத் தெரியுது. மூச்சு விடறதே கஷ்டம்." பெண் வேஷக்காரர்களை ஒன்னகதா என்கிறார்கள். முட்டிகளுக்கு நடுவே ஒரு காகிதத்தை வைத்து, அது விழாமல் நடந்து பழகுவார்கள் என்று நான் படித்ததைச் சொன்னேன். அவள் காதில் வாங்கவில்லை. காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூச்சரங்கள் ஏன் இவ்வளவு பெரியவை என்பதற்கு ஒரு கதை உண்டு. இப்போது ஆடப்படும் மேடையமைப்பு ஆறாம் ஒனோஎ கிகுகோரோ என்ற நடிகர் 1937-ல் கொண்டுவந்தது. அவர் பருத்த உடம்புக்காரர். பூவைப் பெரிதாக்கினால் தான் சின்னவனாகத் தெரிவோம் என்று கணக்குப் போட்டாராம். அம்மாவுக்கு இந்தக் கதை மிகவும் பிடித்துப்போனது. அவளும் கடைசிப் பதினைந்து வருஷம் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தபடியேதான் சொல்லிக்கொடுத்தாள்.

நடுவில் எங்களுக்குப் பின்னாலிருந்து ஒருவர் அடிவயிற்றிலிருந்து எதையோ கத்தினார். சண்டையோ என்று திரும்பினால், முகத்தில் அத்தனை நிம்மதி. நடிகரின் பரம்பரைப் பெயரைச் சரியான இடம் பார்த்துக் கூவுவது இங்கே ரசிக மரபு. கூவுகிறவர்கள் பெரும்பாலும் மேல் மாடியின் கடைசி வரிசைகளில்தான் இருப்பார்கள். அந்தக் கூவல் ஓர் இமை தப்பினாலும் ஆட்டம் கெடும். தப்பவில்லை.

மாடியிலிருந்து பார்த்தால் முகம் சின்னதாகத் தெரியும், தரை முழுசாகத் தெரியும். "அந்தத் தரை மேடையோடது இல்லை, மேல போட்ட பலகை" என்று அம்மா கண்டுபிடித்துவிட்டாள். பக்கத்து இருக்கைப் பெரியவர் கையில் பைனாகுலர் வைத்திருந்தார். செல்போன் மொழிபெயர்ப்பை நீட்டிக் கேட்டேன். அவர் உடனே எழுந்து குனிந்து வணங்கிவிட்டுப் பதில் தட்டினார்: நடனம் என்றால் மட்டும் ஹினோகி மரப் பலகைகளை மேடை மேல் தனியாகப் பரப்புவார்கள், கால் வழுக்கிக்கொண்டு போகவும், தட்டினால் சத்தம் எழும்பவும். பெயர் ஷோசாபுதாய்.

"நாடகத்துக்கு ஒரு தரை, நாட்டியத்துக்கு ஒரு தரையா?" என்றாள். அதற்கப்புறம் ஓட்டல் வரைக்கும் பேசவில்லை.

மதியச் சாப்பாடு: அரங்கத்துக்குக் கீழே விற்கும் டப்பாச் சாப்பாடு எல்லாவற்றிலும் மீன். கடைசியில் ஒரு சின்னக் கடையில் உமெபோஷி வைத்த சோற்று உருண்டை, 150 யென். உமெபோஷி என்பது உப்பில் ஊறிய ஒருவகைப் புளிப்புப் பழம். அம்மா கடித்துவிட்டு, "நார்த்தங்கா மாதிரி இருக்கு, தயிர் இல்லையே" என்றாள். சுற்றிய காகிதத்தைப் போட ஒரு குப்பைத்தொட்டி தேடி இரண்டு கிலோமீட்டர் நடந்தோம். கிடைக்கவில்லை. அது இன்னும் என் ஜாக்கெட் பையில்தான் இருக்கிறது.

ஏப்ரல் 7, கியோத்தோ

ரயிலில் வலது பக்க ஜன்னல். ஃபுஜி மலை இருக்க வேண்டிய இடத்தில் மேகம் இருந்தது.

தங்குமிடம் பற்றி ஒரு புலம்பல். பெயர் வேண்டாம். முட்டி வலி, தரைத்தளம்தான் வேண்டும் என்று இரண்டு முறை எழுதி, சரி என்று பதிலும் வாங்கியிருந்தேன். போனால் ஏணிக்கு அண்ணன் மாதிரி ஒரு மரப் படிக்கட்டு, மேலே தாதாமிப் பாய் விரித்த அறை, தரையில் மெத்தை. அம்மா படிக்கட்டில் உட்கார்ந்தபடியே பின்னோக்கி ஒவ்வொரு படியாக ஏறினாள். மேலே போய்ப் பாயை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்து, "மெத்துனு இருக்கு, ஆனா இதுல தட்டடவு போட முடியாது" என்றாள். நான் வாடகையை நினைத்துக்கொண்டிருந்தேன், அவள் அடவை நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஏப்ரல் 8, கியோன்

காமோ ஆற்றைத் தாண்டினால் பாலத்தின் அந்தப் பக்கம் மினாமிஸா கபுகி அரங்கம். எதிர்ப்புறம் ஒரு வெண்கலச் சிலை. தோளில் வாளும் கையில் விசிறியுமாக ஒரு பெண், பெயர் ஒக்குனி. கபுகியைத் தொடங்கியவள் என்று 1603-ஐச் சொல்கிறார்கள். ஆண் உடுப்பும் வாளுமாக இந்த ஊர் ஆற்று மணலில் ஆடி, ஊரையே கூட்டினாள்.

"பொம்பளை ஆரம்பிச்சதா? அப்ப ஆம்பளைங்க எங்கேருந்து வந்தாங்க?"

1629-ல் ஷோகன் என்ற படைத்தலைவரின் அரசு பெண்கள் மேடையேறுவதைத் தடை செய்தது. ஒழுக்கம் கெடுகிறது என்று காரணம். பிறகு விடலைப் பையன்கள் ஆடினார்கள், 1652-ல் அதையும் தடை செய்தார்கள். மிஞ்சியது முன்னந்தலை மழித்த வளர்ந்த ஆண்கள். ஒன்னகதா கலை அப்படித்தான் வளர்ந்தது.

அம்மாவின் பாட்டி திருவாரூர்ப் பக்கம் ஒரு கோயிலில் ஆடியவள். 1947-ல் சென்னை மாகாணத்தில் பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்து பொட்டுக்கட்டுவதைத் தடுத்துச் சட்டம் வந்தது. அதற்கு முன்பே ஊரில் பேச்சு மாறிப்போயிருந்தது. சலங்கையைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டவள், சாகிறவரை இறக்கவில்லை என்பார்கள். நான் அதை இங்கே இழுத்திருக்க மாட்டேன். அம்மா சிலையின் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தடை போட்டாங்களே, அப்புறம் பொம்பளைங்க எப்பத் திரும்பி வந்தாங்க?" என்றாள். பெரிய கபுகி மேடைகளில் இன்றும் பெரும்பாலும் ஆண்கள்தான் என்றேன். "ம்" என்றாள். அந்த ‘ம்’முக்கு நான் உரை எழுதப்போவதில்லை.

மத்தியானம் மியாகோ ஓதோரி. கியோன் கோபு வட்டாரத்து கெய்கோக்களும் (தேர்ந்த ஆட்டக்காரிகள்) மைகோக்களும் (பயிலும் இளம்பெண்கள்) ஏப்ரல் மாதம் முழுவதும் ஆடுவது, 1872-லிருந்து நடக்கிறது. தலைநகரம் டோக்கியோவுக்குப் போய்விட்டதில் கியோத்தோ சோர்ந்து கிடந்தது. ஊரைத் தூக்கி நிறுத்தப் பொருட்காட்சி நடத்தினார்கள், அதன் பகுதியாகப் பிறந்தது இந்த ஆட்டம். நடனம் அமைத்தவர் மூன்றாம் இனோஉஎ யாச்சியோ. இன்றுவரை அந்த இனோஉஎ பாணிதான்.

தேநீரோடு சேர்ந்த சீட்டு ஏழாயிரம் யென்னை ஒட்டி வந்தது. தேநீர் என்றதும் மண்டியிட வேண்டுமோ என்று பயந்தோம். நல்லவேளை, மேஜை, பெஞ்சு. வெள்ளை பூசிய முகத்தோடு ஒருத்தி முன்னால் தேநீர் கலக்க, நூற்றுக்கணக்கான பேர் அவசர அவசரமாகக் குடித்துவிட்டு எழுந்தோம். கல்யாணப் பந்தியில் பின்னால் ஆள் நிற்கிற மாதிரிதான். பலகாரம் வைத்துத் தந்த சின்னத் தட்டை நாமே எடுத்துக்கொண்டு போகலாம். அம்மா தன்னுடையதைத் துடைத்துப் பையில் போட்டுவிட்டு, என்னுடையதையும் எடுத்துக்கொண்டாள்.

‘யோஇயாஸா!’ என்று ஒரு குரல், இரண்டு பக்க நடைமேடைகளிலிருந்தும் ஒரே நீல கிமோனோவில் வரிசையாகப் பெண்கள். ஒரு மணி நேரம், நாலு பருவமும் வந்து போயின, ஒரு தடவைகூடத் திரை விழவில்லை. எனக்கு ஏக சந்தோஷம். காலண்டர் உயிர்பெற்று ஆடுவது மாதிரி இருந்தது.

அம்மா தராசோடு உட்கார்ந்திருந்தாள். "இடுப்பை இறக்கியிருக்காங்க பாத்தியா, அரைமண்டி மாதிரி. ஆனா முட்டி வெளியில திரும்பலை, ரெண்டும் ஒட்டிக்கிட்டே இருக்கு." முகத்தில் ஏன் ஒன்றுமே இல்லை என்று கேட்டேன். கண் கூட அசையவில்லை. "அபிநயத்தை விசிறிக்குக் குடுத்துட்டாங்க" என்றாள். வெளியே வந்ததும் தீர்ப்பு: "அறுபது பேர் ஒண்ணு போல ஆடறது லேசு இல்ல, நான் ஆறு பேரை வச்சுப் பட்டவ. ஆனா ஒருத்தி முகமும் மனசுல நிக்கல." எனக்கு ஒரு முகம் நின்றது. கீழுதட்டில் மட்டும் சிவப்புப் பூசிய சின்னப் பெண். அது முதல் வருஷ மைகோவின் அடையாளமாம்.

சந்துகளில் படம் எடுத்தால் 10,000 யென் அபராதம் என்று பலகை. செல்போனைப் பைக்குள் போட்டேன்.

ஏப்ரல் 9, மழை

நாள் முழுக்கத் தூறல். 600 யென் கொடுத்து வாங்கிய கண்ணாடிக் குடையில் செர்ரி இதழ்கள் வந்து ஒட்டிக்கொண்டன.

டோக்கியோ ஆபீஸ் நண்பரின் சித்தி இங்கே நிஹோன் புயோ நடன ஆசிரியை. நாளை மறுநாள் அம்மாவுக்கு ஒரு மணி நேரம் தருவதாகச் சொல்லியிருந்தார். ஒரே நிபந்தனை, பயிற்சி மேடையில் வெறுங்காலோடு ஏறக் கூடாது, வெள்ளைத் தாபி வேண்டும். தாபி என்பது கட்டை விரலைத் தனியாகப் பிரித்த துணிக் காலுறை. அதை வாங்கக் கிளம்பினோம்.

கடைக்காரம்மாவுக்கு எண்பது இருக்கும். அளவுகோலை வைத்து 23 சென்டிமீட்டர் என்றார். போட்டால் பாதிப் பாதத்திலேயே நின்றுவிட்டது. நீளம் சரி, அகலம் சரியில்லை. நாற்பது ஐம்பது வருஷம் தரையில் அறைந்த பாதம், விசிறி மாதிரி விரிந்திருக்கிறது. 23.5 போட்டுப் பார்த்தார், 24 போட்டுப் பார்த்தார். அப்போதுதான் மெட்டி அவர் கண்ணில் பட்டது. தாபியின் பிளவு வந்து உட்காரும் இடம் சரியாக மெட்டி விரலுக்குப் பக்கம்.

"கழட்டிடேன்மா, ஒரு மணி நேரம்தானே."

"உங்கப்பா உயிரோட இருக்கும்போது எதுக்குடா கழட்டணும்?"

கடைக்காரம்மாவுக்கு மொழி புரியவில்லை, விஷயம் புரிந்துவிட்டது. தன் கைவிரல் மோதிரத்தைக் காட்டினார், அம்மாவின் கால் விரலைக் காட்டினார், "யுபிவா!" என்று வாயைப் பொத்திச் சிரித்தார். உள்ளே போய், இழுபடும் துணியில் செய்த ஒரு ஜோடியைக் கொண்டுவந்தார், 1,800 யென். கணுக்கால் பக்கம் நாலு சின்னப் பித்தளைக் கொக்கிகள். அம்மாவால் குனிந்து மாட்ட முடியவில்லை. அந்த அம்மாள் சட்டென்று மண்டியிட்டு, பாதத்தைத் தன் மடியில் தூக்கி வைத்துக் கீழிருந்து ஒவ்வொன்றாக மாட்டினார். அம்மா பதறிப்போனாள். "ஐயோ, பெரியவங்க காலைத் தொடக் கூடாது, சொல்லுடா, சொல்லுடா." எந்த மொழியில் சொல்வேன்? கடைசியில் அம்மா அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவர் பதிலுக்குத் தரையைத் தொடுமளவு குனிந்தார். இவர்கள் முடிக்கும்வரை நான் கடை வாசலில் குடையோடு நின்றேன்.

ராத்திரி அறையில் மைக்ரோவேவ் சோறும் புளிக்காய்ச்சலும். இனிப்புக்கு யாத்சுஹாஷி. அரிசி மாவை முக்கோணமாக மடித்து உள்ளே பயறுப் பூரணம். பட்டை வாசம் அடிக்கிற கொழுக்கட்டை.

ஏப்ரல் 10, நோ

"நோ-ன்னா எனக்கு முட்டி நோவுதான் ஞாபகம் வருது" என்று காலையிலேயே ஆரம்பித்தாள்.

நோ என்பது முகமூடி போட்டு ஆடும் பழைய ஜப்பானிய இசை நாடகம். கோங்கோ நோ அரங்கம், பழைய அரண்மனைத் தோட்டத்துக்கு எதிரில். நோவின் முக்கிய வேஷக்காரர்களில் ஐந்து பரம்பரைகள் உண்டு. தலைவர் கியோத்தோவிலேயே இருப்பது கோங்கோ பரம்பரைக்கு மட்டும்தான். ஆட்டத்துக்குப் பேர்போனவர்கள் என்பதால் ‘மாய் கோங்கோ’ என்று பட்டப்பெயர். ஷிஜோ முரோமாச்சியில் இருந்த பழைய மேடையைப் பிரித்து 2003-ல் இந்தப் புதுக் கட்டடத்துக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். சீட்டு ஆளுக்கு 6,000 யென், நம் காசில் மூவாயிரத்து ஐந்நூறை நெருங்கும்.

கட்டடத்துக்குள் ஒரு கூரை வேய்ந்த மண்டபம், அதுதான் மேடை. ஏறக்குறைய ஆறு மீட்டர்ச் சதுரம், நாலு தூண், பின்சுவரில் ஒற்றைப் பைன் மரச் சித்திரம், இடது பக்கம் நீளமான பாலம். வேறு அலங்காரம் கிடையாது. தரை மட்டும் கண்ணாடி மாதிரி. அம்மா உட்காராமல் முன்னால் போய் நின்று பார்த்தாள். பணிப்பெண் ஓடிவந்து எதுவும் சொல்லாமல் பக்கத்தில் நின்றுகொண்டாள். அவ்வளவு மரியாதையான விரட்டலை நான் பார்த்ததில்லை.

முதலில் கியோகென் நகைச்சுவை. எஜமான் வெளியே போகும்போது சாராயத்தைத் திருடாமலிருக்க வேலைக்காரர்கள் இருவரையும் கட்டிப்போடுகிறான், ஒருவனைக் கம்போடு சேர்த்து, மற்றவனைக் கையைப் பின்னால் வைத்து. அவர்கள் கட்டோடு கட்டாகவே குடித்து ஆடுகிறார்கள். ஒரு வார்த்தை புரியாமல் அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

பிறகு ‘ஹகோரோமோ’. மீனவன் ஒருவன் மிஹோ கடற்கரைப் பைன் மரத்தில் தொங்கும் இறகு ஆடையை எடுத்துக்கொள்கிறான். தேவமங்கை அதைக் கேட்டு அழுகிறாள். ஆடிக் காட்டினால் தருகிறேன் என்கிறான். ஆடை இல்லாமல் ஆட முடியாது, முதலில் கொடு என்கிறாள். கொடுத்தால் ஆடாமல் பறந்துவிடுவாயே என்கிறான். சந்தேகம் மனிதர்களுடையது, வானுலகில் பொய் இல்லை என்கிறாள். அவன் வெட்கப்பட்டுக் கொடுத்துவிடுகிறான். கதை அவ்வளவுதான். அது முடிந்த பிறகுதான் ஆட்டம்.

அந்தப் பெண்ணாக வந்தவர் வயதானவர். முகமூடி முகத்தைவிடச் சின்னது, தாடைச் சதை வெளியே தெரிந்தது. முகமூடியின் கண் துளை வழியாகக் கொஞ்சமே தெரியும் என்பதால் மேடை முனைத் தூணை வைத்துத்தான் இடம் கண்டுபிடிப்பார்களாம். முகத்தைக் கொஞ்சம் தாழ்த்தினால் நிழல் விழுந்து அழுகிற மாதிரி, நிமிர்த்தினால் வெளிச்சம் பட்டுச் சிரிக்கிற மாதிரி. அதே மரம்தான். இரண்டாவது தடவை பார்த்தபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

ஆனால் உண்மையை எழுதிவிடுகிறேன். தாளக்காரர்கள் "யோ...ஓ" என்று இழுக்க, அவர் ஒரு மூலையிலிருந்து நடுவுக்கு வர மூன்று நிமிஷம் எடுத்துக்கொள்ள, நான் தூங்கிவிட்டேன். எனக்கு இடது பக்கத்து மாமியும் தூங்கினார், முதுகு சாயாமல். வலது பக்கத்துப் பெரியவர் மடியில் பாட்டுப் புத்தகத்தை வைத்து வரிவரியாக விரலை ஓட்டிக்கொண்டிருந்தார், நம் சபாக்களில் முன்வரிசையில் தாளம் போடும் அதே ஆள். அம்மா என் தொடையில் கிள்ளினாள். "காலைப் பாருடா. குதிகால் தரையை விடவே இல்லை."

அதன் பெயர் சுரியாஷி. பாதம் தரையை உரசிக்கொண்டே போகும், கடைசியில் விரல் மட்டும் லேசாக எழுந்து படியும். உடம்பின் மேல்பாகம் தட்டில் வைத்த விளக்கு மாதிரி அலுங்காமல் வரும். அப்படி அரை மணி நேரம் உரசிக்கொண்டிருந்த கால், எதிர்பாராத இடத்தில் தூக்கி ஒரு அடி அடித்தது. டொம். அந்தச் சத்தம் என் நாற்காலி வரை வந்தது.

"கடம் மாதிரி கேக்குதே" என்றாள் அம்மா. பழைய நோ மேடைகளுக்கு அடியில் பெரிய மண்சாடிகளை வாய் சாய்த்து வைப்பார்கள், கால் சத்தம் கனமாக எழ. அதைச் சொன்னதும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். யாரோ அவளுக்குத் தரவேண்டிய கடனை வேறு யாருக்கோ கொடுத்துவிட்ட மாதிரி ஒரு பார்வை.

இந்தக் கலையை உருவாக்கியவர்களில் பெரியவர் ஸெஆமி. பதினான்காம் நூற்றாண்டில் பிறந்து, ஷோகனின் செல்லப்பிள்ளையாக வளர்ந்து, எழுபது வயதைத் தாண்டி 1434-ல் சாதோ தீவுக்கு நாடு கடத்தப்பட்டவர். மனம் பத்துப் பங்கு அசையட்டும், உடம்பு ஏழு பங்கு அசையட்டும் என்று அவர் சொல்லிவைத்திருக்கிறார். இடைவேளையில் இதை எடுத்துவிட்டேன்.

"மீதி மூணு?"

"தெரியலையேம்மா."

"முட்டிக்கு மிச்சம்டா. எனக்கு யாரும் சொல்லித் தரலை."

வெளியே வரும்போது ஒரு கூத்து. இங்கே குடையை ஒரு தாங்கியில் வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போக வேண்டும். சாவி என் பையில் இல்லை. ஜாக்கெட்டைக் கவிழ்த்துத் தேடியபோது டோக்கியோ சோற்று உருண்டைக் காகிதம் எல்லோர் முன்னாலும் தரையில் விழுந்தது. பணிப்பெண் அதைக் குனிந்து எடுத்து, இரண்டு கையாலும் எனக்கே திருப்பிக் கொடுத்தாள். சாவி அம்மாவின் சுருக்குப் பையில் இருந்தது, வெற்றிலையோடு.

ஏப்ரல் 11, பாடம்

வெயில் வந்தது. 19 டிகிரி, அம்மா மஃப்ளரை அவிழ்த்தாள்.

ஆசிரியைக்கு 74 வயது. நிஷிஜின் பக்கம் பழைய மர வீடு. உள்ளே பத்துக்குப் பன்னிரண்டு அடி ஹினோகிப் பலகைத் தரை, ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. பாடத்துக்கு 5,000 யென், உறையில் வைத்துத் தரவேண்டும் என்று நண்பர் சொல்லியிருந்தார். அம்மா அதில் ஒரு யென் நாணயத்தையும் சேர்த்துப் போட்டாள். மொய்க்கு ஒத்தைப்படைதான் என்பது அவள் சட்டம். ஆசிரியை உறையைப் பிரித்து, அந்த ஒரு யென்னைத் தவறி விழுந்தது என்று நினைத்துத் திருப்பித் தந்தார். அம்மா மறுபடி வைத்தாள். அவர் மறுபடி தந்தார். நான் மொழிபெயர்ப்புச் செயலியில் ‘மொய்’ என்று தட்டிப் பார்த்துக் கைவிட்டேன். ஒரு யென் கடைசியில் அங்கேயே பூஜை மாடத்தில் போய் உட்கார்ந்தது.

பாடம் தொடங்கும்போது விசிறியை மடித்து முட்டிக்கு முன்னால் வைத்து வணங்க வேண்டும். மண்டியிட வேண்டுமே என்று அம்மா என்னைப் பார்த்தாள். ஆசிரியை தானும் மண்டியிடவில்லை, ஒரு குட்டி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தன் முட்டியைத் தட்டிக் காட்டி முகத்தைச் சுளித்தார். ஐம்பது வருஷம் கால் மடித்து உட்கார்ந்தே போன முட்டி. இரண்டு பேரும் ஒருவர் முட்டியை ஒருவர் அமுக்கிப் பார்த்து, எங்கே வலிக்கும், எப்போது வலிக்கும் என்று பத்து நிமிஷம் பேசினார்கள். மொழிபெயர்ப்புக்கு என்னைக் கூப்பிடவே இல்லை. ஆசிரியை ஒரு பாக்கெட் சலோன்பாஸ் கொண்டுவந்து கொடுத்தார். மாயவரத்தில் வாங்கியதே அம்மாவின் பெட்டியில் இருந்தது, அதை அவள் சொல்லவில்லை.

நடன விசிறியின் அடிப்பக்கம் ஈயம் வைத்திருக்கிறார்கள், அந்தக் கனத்தில்தான் அது விரலில் சுழல்கிறது. ஆசிரியை அதைத் திறந்து பிடித்தால் நிலா, சாய்த்தால் சாராயக் கிண்ணம், நடுக்கிக்கொண்டே இறக்கினால் உதிரும் பூ, மடித்தால் கடிதம் எழுதும் தூரிகை. அம்மா ஒவ்வொன்றுக்கும் கையில் முத்திரை பிடித்துப் பதில் சொன்னாள். உதிரும் பூவுக்கு மட்டும் கொஞ்சம் யோசித்தாள். "நமக்குப் பூ மலரும், பறிப்போம், தொடுப்போம், சூடுவோம். உதிர்றதை யாரு ஆடினா?"

பிறகு ஆசிரியை அவளை எழுப்பி நிறுத்தி, தன் கையைக் கொடுத்து, வலது காலை லேசாகத் தூக்கித் தட்டச் சொன்னார். ஆபரேஷனுக்குப் போகிற கால். அம்மா தயங்கி, தூக்கி, தட்டினாள்.

டொம்.

தாபிக்குள் இருந்த பாதம்தான். ஆனால் வீடே ஒரு தடவை பதில் சொன்ன மாதிரி இருந்தது. அம்மா அசையாமல் நின்றாள். எதிரில் கண்ணாடியில் இரண்டு கிழவிகள் கைபிடித்து நிற்பது தெரிந்தது.

"சிமென்ட்ல அடிச்சா சத்தம் மேல முட்டிக்கு வரும். இது கீழே போகுதுடா."

இன்னொரு தடவை தட்டினாள். பிறகு மெதுவாக, காலை அழுத்தாமல், தெய்யா தெய் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு நாலு தட்டு. ஆசிரியை கையை விடாமல் அவள் தாளத்துக்குத் தலையை ஆட்டினார். அதோடு அம்மாவே நிறுத்திக்கொண்டாள். வழக்கமாக முடிவில் தரையைத் தொட்டுக் கும்பிட வேண்டும், உன்னை மிதித்தேன் பொறுத்துக்கொள் என்று. குனிய முடியவில்லை. என்னைக் கூப்பிட்டு, "எனக்குப் பதிலா நீ தொடு" என்றாள். என் காலில் தாபி இல்லை. மேடைக்கு வெளியே நின்றபடியே கையை நீட்டிப் பலகையைத் தொட்டு அவள் கண்ணில் ஒற்றினேன். பலகை சில்லென்று இருந்தது.

ஏப்ரல் 12, திரும்பல்

விமான நிலையத்தில் அப்பா போனில் வந்தார்.

"என்னடி வாங்கினே ஜப்பான்ல?"

"ரெண்டு தட்டு, ஒரு ஜோடி சாக்ஸு."

"சாக்ஸா? எவ்வளவு?"

"ஆயிரத்து ஐம்பது ரூபா."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அம்மா தாபியைப் பிரித்து மடியில் வைத்திருந்தாள். மெட்டி உரசி வலது தாபியில் ஒரு சின்னப் பொத்தல் விழுந்திருந்தது. வெள்ளை நூல் இருக்கிறதா என்று கேட்டாள். ஊசியைக் கைப்பையில் கொண்டுபோக விடுவார்களா என்று நான் விசாரிக்கக் கிளம்பினேன்.